ரகசியம் போட்ட ஒரே சத்தம்

என் சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். நடு மகனின் கடைசிப் பெண்தான் இவள். எனக்கு அண்ணன் மகள் முறை, என்னை அத்தை என்பாள். அவள் அம்மா வழியிலும் எனக்கு ஒரு உறவு உண்டு. அதை அவிழ்க்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும், விட்டுவிடுகிறேன்.

அவளை எல்லோரும் ரகசியம் என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து குரல் அப்படி. உப்பு எங்கே என்று கேட்டாலும் காதில் ஏதோ ரகசியம் சொல்வதுபோல இருக்கும். சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் ஓட்டை போடுகிற காஜா மெஷினில் வேலை. அங்கே முப்பது மெஷின் ஓடுகிற இரைச்சலில் இவள் குரல் யாருக்குக் கேட்கும்? நூல் தீர்ந்தால் கையைத் தூக்குவாள். ஊசி ஒடிந்தால் கையைத் தூக்குவாள். "தீப்பிடிச்சாக்கூட இவ கையைத்தான் தூக்குவா, நாமதான் பார்த்துக்கணும்" என்று சூப்பர்வைசர் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவள் நான்தான். பைப் வேலைக்காரர். அவருடைய அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "பொண்ணுக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டாள். "நல்லா வரும். காதைக் கிட்டக் கொண்டு போகணும், அவ்வளவுதான்" என்றேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "எனக்கு வேலையே அதுதானே அத்தை" என்றார்.

உண்மைதான். சுவருக்குள் எங்கே தண்ணீர் கசிகிறது என்று சுவரில் காதை வைத்தே சொல்லிவிடுவார். மற்றவர்கள் நாலு இடத்தில் உடைத்துப் பார்ப்பார்கள். இவர் ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார், அங்கேதான் இருக்கும். அந்தக் காதுக்கு இவள் குரல் ஒரு பொருட்டா? தெருக்கோடியில் நின்று யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். இவள் வாசலுக்கு வந்து "ஏங்க" என்பாள். பக்கத்தில் நிற்கிற எனக்கே பாதிதான் கேட்கும். அவர் திரும்பிவிடுவார்.

பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு "ஏங்க"தான். அவர் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. பெயர் சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமே ஆகவில்லை, அவ்வளவுதான். தம்பிக்கு அவர் அண்ணன். மகளுக்கு அப்பா. கட்டடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பைப்பு. இப்படி அந்த மனிதரின் பெயர் ரேஷன் கார்டிலேயே கிடந்தது.

அவர் பதில் சொல்கிற விதமும் ஒரு தினுசு. வேலை செய்யும்போது பைப்பில் சுற்றுகிற வெள்ளை டேப்பை வாயில் கடித்துக்கொண்டிருப்பார். வாயைத் திறக்க முடியாது. இவள் "ஏங்க" என்றால் கையிலிருக்கும் ஸ்பானரால் பைப்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். டொக், டொக். "இதோ இருக்கேன்" என்று அதற்கு அர்த்தம். என் காதாலேயே பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஊருக்கெல்லாம் பைப்பு பார்க்கிறவரு, வீட்டுக் குழாய் ஒழுகுது பாருங்கத்தை" என்றாள் என் காதில்.

அவருக்குக் கேட்டுவிட்டது. "ஏன், டாக்டர் வீட்டுல யாருக்கும் சளியே பிடிக்காதா?"

"பிடிக்கும். ஆனா ரெண்டு மாசமா மூக்கு ஒழுகாது."

"வாஷர்தான் போயிருக்கு. சாயங்காலம் வந்து மாத்தறேன்."

"எந்தச் சாயங்காலம்?"

"இன்னைக்குச் சாயங்காலம். அத்தை சாட்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அப்போது வேலை செய்தது ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள் வருவதாக இருந்தது. பூச்சு வேலை முடிந்து, டைல்ஸ் வேலையும் பைப் வேலையும் ஓடிக்கொண்டிருந்தன. பத்தரை மணிக்கு எல்லோரும் டீக்கு இறங்கினார்கள். நாலு பேர் மட்டும் இறங்கவில்லை. அந்த நேரத்தில் மூன்றாவது மாடித் தளம் அப்படியே உட்கார்ந்தது. அது விழுந்த கனத்தில் இரண்டாவது, அது விழுந்ததில் முதலாவது. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றவர்கள், புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், கட்டடம் இருந்த இடத்தில் வானம் தெரிந்ததாம்.

கம்பெனிக்கு ஆள் வந்து சொன்னது. சூப்பர்வைசர் அம்மாவே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ரகசியம் கயிறு கட்டியிருந்த இடத்தில், கையைத் தூக்கியபடி நின்றாள். மெஷினில் நூல் தீர்ந்தால் தூக்குவது போலவே. 

மதியத்துக்குள் இரண்டு பேரை எடுத்துவிட்டார்கள், உயிரோடு. மிச்சம் இரண்டு பேர். ஒருவர் நம்ம வீட்டு ஆள். இன்னொருவர் டைல்ஸ் ஒட்டுகிறவர், சின்ன வயசு. அவருடைய மனைவி முதல் பிள்ளை பெற்று மூன்றாம் நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அந்தக் கயிற்றடியில் காத்து நின்ற பெண்டாட்டி இவள் ஒருத்திதான்.

பைப்பு பாத்ரூம் பக்கம்தான் வேலை செய்துகொண்டிருந்தார் என்று மேஸ்திரி சொன்னார். அதனால் அங்கேதான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி வாக்கில் தீயணைப்புக்காரர்களின் தலைவர் வந்தார். நரைத்த மீசைக்காரர். எதிர்ப்பக்கம், படிக்கட்டு இருந்த இடத்தில், மழைத் தண்ணீர் இறங்குகிற பைப் ஒன்று இடிபாட்டுக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அது உள்ளே வரைக்கும் போகிறது, அதில் பேசினால் கேட்கலாம் என்றார். அந்தப் பைப்பைப் பத்து நாள் முன்னால் மாட்டியவரே உள்ளே கிடக்கிறார்.

"எல்லா மெஷினையும் நிறுத்துங்க. யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார் மீசைக்காரர். பிறகு இவளிடம், "அம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார்.

இவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"பேருமா, பேரு!"

அவள் கொழுந்தன் முன்னால் வந்தான். லாரி ஓட்டுகிறவன், நல்ல தொண்டை. "நான் கூப்பிடறேன் அண்ணி" என்று பைப்பில் வாயை வைத்து, "அண்ணே! அண்ணே!" என்றான்.

"அண்ணன்னா யாரு வேணா அண்ணன்தான்யா! பேரைச் சொல்லு!"

மேஸ்திரி குனிந்து, "ஏ பைப்பு!" என்றார்.

மீசைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு மனுஷனுக்குப் பேரே வைக்கலையா உங்க வீட்டுல?"

அந்த நேரத்திலும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு கொழுந்தன் பெயரை அவர் காதில் சொன்னான். அவரே மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். ஒன்றும் இல்லை. காதை வைத்துக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

அப்போதுதான் ரகசியம் மண்டியிட்டாள். செங்கல் தூளில், அப்படியே. என் பக்கத்தில்தான், அதனால் அவள் வேண்டியது எனக்கு மட்டும் கேட்டது. "கடவுளே, ஒரு சத்தம் குடு. ஒரே ஒரு சத்தம். மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்." இதையே ஏழெட்டுத் தடவை சொன்னாள். வேறெதுவும் கேட்கவில்லை.

பிறகு பைப்பில் வாயை வைத்து, "ஏங்க!" என்றாள்.

அந்தக் குரல் அவளுக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிள்ளை பெறும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் திடுக்கிட்டது. புறாக்கள் எழுந்து பறந்தன. "ஏங்க! ஏங்க!"

பைப்புக்குள்ளிருந்து வந்தது. டொக், டொக்.

மீசைக்காரர் கையைத் தூக்கினார். யாரும் அசையவில்லை. இவள் மறுபடியும், "ஏங்க!"

டொக், டொக்.

அவள் என்னைப் பார்த்தாள். "அத்தை, அவருதான் அத்தை. வாயில டேப் இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க நினைக்கிறேன், முடியவில்லை.

மீசைக்காரர் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை, பெண்டாட்டி கூப்பிட்டதும் பதில் வருகிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மேஸ்திரி மட்டும், "பைப்பு பாத்ரூம்லதானே இருந்தாரு?" என்று இழுத்தார். "டீக்கு இறங்கியிருப்பாருங்க, படிக்கட்டுல மாட்டிக்கிட்டாரு" என்றான் கொழுந்தன். பாத்ரூம் பக்கம் இருந்த ஆட்கள் எல்லோரையும் இந்தப் பக்கம் திருப்பினார்கள். கனமான மெஷினை வைத்தால் இன்னும் சரியும் என்று கையாலேயே அள்ளினார்கள். ஒவ்வொரு மணிக்கும் இவளைக் கூப்பிடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டு வந்தது. விடிகிற வரைக்கும் வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கை தெரிந்தது. பிறகு தோள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்கள். தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை. சிமென்ட் தூள் அப்பியிருந்தால் எல்லா முகமும் ஒரே முகம்தான். இவள் ஓடிப்போய்ப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நெற்றியைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். கன்னத்தில் கை நின்றுவிட்டது.

அது வேறு முகம்.

அந்தப் பையன் கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியாமல் ஒட்டியிருந்தது. கையில் இன்னும் கரண்டியைப் பிடித்திருந்தான். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் கரண்டிக் காம்பால் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, உள்ளே கலவை இருக்கிறதா, பொள்ளலா என்று? எப்போதும் இரண்டு தட்டு. தன் பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்று நினைத்து அந்தக் கரண்டியால் தட்டியிருக்கிறான். வீட்டில் அவளும் அவனை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாளாம். எந்த வீட்டில் வேறு மாதிரி கூப்பிடுகிறார்கள்?

"வந்துட்டியா?" என்றான். உதடு மட்டும்தான் அசைந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரகசியத்தின் கை அவன் கன்னத்தில் இருந்தது. தன்னுடைய புருஷன் இல்லை என்று தெரிந்த கை. ஒரு மூச்சு நேரம். பிறகு குனிந்து அவன் காதில், தன் பழைய குரலில் சொன்னாள், "வந்துட்டேன்."

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இவள் தலைப்பைப் பார்த்தாள், அதில் அப்பியிருந்த சிமென்டைப் பார்த்தாள். பிறகுதான் தரையில் விழுந்தாள்.

நம்ம வீட்டு ஆளை அடுத்த நாள் எடுத்தார்கள். பாத்ரூம் பக்கம். மேஸ்திரி சொன்ன இடத்திலேயே.

தளம் விழுந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது, ஒன்றும் உணர்ந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அதை நான் அவளிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒருநாள், "எல்லாரு வீட்டுலயும் அப்படித்தான் சொல்வாங்கத்தை" என்றாள். "அவரு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருந்திருந்தா? சுவத்துக்குள்ள சொட்டறதே கேட்கிற காது. நான் கூப்பிடறேன், எல்லாரும் இந்தப் பக்கம் தோண்டறாங்க. அதைக் கேட்டுக்கிட்டே..."

"வாயை மூடுடி" என்றேன். 

"நான் ஒரு சத்தம் கேட்டேன் அத்தை. கடவுள் குடுத்துட்டாரு. யாரு சத்தம்னு சொல்ல மறந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவள் வேண்டுவதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. பயந்து நிறுத்தினாள். வாயைத் திறந்தால் தவறாக எதையாவது கேட்டுவிடுவோமோ என்று பயம். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட, "நீங்க வேண்டிக்கங்கத்தை, எனக்குக் கேட்கத் தெரியாது" என்றாள். வேலைக்குப் போனாள், வந்தாள். அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கொழுந்தன் வாஷர் வாங்கிக்கொண்டு வந்தான். தொடக்கூடாது என்றுவிட்டாள். குடம் நிறையும், எடுத்து ஊற்றுவாள், மறுபடி வைப்பாள்.

நாலு மாதம் கழித்து டைல்ஸ்காரப் பையன் வந்தான். அவள் கதவைத் திறக்கவில்லை. அடுத்த மாதமும் வந்தான். அப்போது நான் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கக்கத்தில் கட்டை வைத்து நிற்கிறான், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். திறந்துவிட்டேன். ரகசியம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். குழந்தை அழுதது என்று அந்தப் பெண் வெளியே வாசலிலேயே ஆட்டிக்கொண்டு நின்றாள். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். ஒரு டைல்ஸின் மேல் விரலால் தட்டினான். தொழில் பழக்கம். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துப் பேசினான்.

"அக்கா, நான் உங்க முகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன். இவதான் கேட்கமாட்டேன்னுட்டா."

 குழாய் சொட்டியது.

"பைப்பண்ணன் எனக்கு ரொம்பப் பழக்கம்கா. என்னைக் கிண்டல் பண்ணுவாரு. நீ தட்டித் தட்டிப் பார்க்கிற, நான் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன், ரெண்டு பேரும் டாக்டருக்குப் படிச்சிருக்கணும்டாம்பாரு."

அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. அவள் அடுப்படி நிலைப்படிக்கு வந்து நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அவனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"உள்ள... அவரு சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

அவனுக்குக் கேட்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்.

"இல்லக்கா. நான் விழுந்ததும் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். எனக்குத் தெரிஞ்சு மாடியில இருந்தது அவரு ஒருத்தருதான். பைப்பண்ணே, பைப்பண்ணேன்னு தொண்டை போற வரைக்கும் கத்தினேன். ஒரு முனகல்கூட இல்ல. அப்புறம்தான் குரல் போயிடுச்சு, கரண்டியால தட்டினேன். பொய் சொல்லி எனக்கு என்னக்கா ஆகப் போகுது? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மத்தியானம் வரைக்கும் எதுவுமே இல்ல. அப்புறம் நீங்க கூப்பிட்டது ஒண்ணுதான்."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அரைமயக்கத்துல, யாரோ பேரைச் சொல்லிக் கத்தினது மட்டும் கேட்டுச்சு. அண்ணன் பேருன்னு எனக்குத் தெரியாது. பைப்புன்னுதானே தெரியும்? நம்மளைத் தேடலைன்னு விட்டுட்டேன். தூக்கம் தூக்கமா வந்துச்சு. தூங்கியிருந்தா அவ்வளவுதான். அப்ப 'ஏங்க'ன்னு..." அவன் நிறுத்திக்கொண்டான். முகத்தைத் துடைத்தான்.

 வாசலில் குழந்தை வீறிட்டது. அந்தச் சின்னப் பெண் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க!"

"என்ன?" என்றான் அவன், யோசிக்காமல்.

"துணியை எடுத்துட்டு வாங்க, நனைச்சுட்டான்."

ரகசியத்தின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. நான் எழுந்து பிடிக்கப் போனேன். அவள் என்னை விலக்கிவிட்டு வாசலுக்கு நடந்தாள். அந்தப் பெண் பயந்துபோய்க் குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றாள் ரகசியம்.

"என்னக்கா?"

"அவரை இன்னொரு தடவை கூப்பிடும்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள், "ஏங்க" என்றாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றான் உள்ளேயிருந்து.

ரகசியம் கண்ணை மூடிக் கேட்டாள். அது காற்றில் கரைகிற வரைக்கும் கேட்டாள். பிறகு, ஐந்து மாதமாக வராத அழுகை வந்தது. அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதாள். நடுவில் அகப்பட்ட குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இவள் முகத்தையே பார்த்தது.

கிளம்பும்போது அந்தப் பையன் அடுப்படியை எட்டிப் பார்த்து, "குழாய் ஒழுகுதேக்கா, மாத்திக் குடுக்கட்டுமா?" என்றான்.

"வேண்டாம்பா. அது அவரு மாத்தறேன்னு சொன்னது" என்றாள்.

இன்னமும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அவளும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். மகள் காலேஜுக்குப் போகிறாள், அப்பா மாதிரி வாயாடி. டைல்ஸ்காரப் பையனின் மகன் பள்ளிக்கூடம் விட்டால் நேரே இங்கே வந்து, பெரியம்மா என்று அதிகாரம் பண்ணித் தின்றுவிட்டுத்தான் போகிறான்.

அவர்கள் முதலில் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலமே அவள் மறுபடி வேண்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் இப்போது அவள் வேண்டுவதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கடவுளுக்கு மறுபடி குழப்பம் வரக் கூடாது அல்லவா? ஒவ்வொருவருக்கும் பெயர், அப்பா பெயர், வேலை, தெரு, வீட்டு நம்பர், எத்தனையாவது மாடி என்பது வரைக்கும் சொல்லித்தான் கேட்கிறாள். தபால்காரரிடம் சொல்வதுபோல. டைல்ஸ்காரப் பையனுக்கு, அவன் மனைவிக்கு, குழந்தைக்கு, கொழுந்தனுக்கு லாரி நம்பரோடு. என் முழங்கால் வலிக்கு, இடது கால் என்பதையும் சேர்த்து.

கடைசியில் அவர் பெயரையும் சொல்கிறாள். பன்னிரண்டு வருஷம் சொல்லாத பெயர். அதற்கு மட்டும் விலாசம் சொல்வதில்லை.